வலிக்காத ஈறு

சீருடை தைக்கும் கூடத்தில் காலர் பிரிவு அவளுடையது. நூலைப் பல்லால் கடித்து அறுப்பது இருபது வருடப் பழக்கம். அன்று மதியம் அப்படிக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று அசைந்தது. நாக்கால் தள்ளிப் பார்த்தாள். முன்னும் பின்னும் போய்வந்தது. வலி இல்லை. அடுத்த காலரை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள்.

கணவர் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குப் போன இடத்தில் மாடிப்படியில் மயங்கி விழுந்தவர் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. சமைத்தாள், துவைத்தாள், வேலைக்குப் போனாள். இரவில் பல் தேய்ப்பது மட்டும் நின்றுபோனது. முன்பெல்லாம் இருவரும் ஒரே கண்ணாடி முன்னால் இடித்துக்கொண்டு நின்று தேய்ப்பார்கள். தனியாக நிற்கப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, மறந்துவிட்டது. காலையில் ஒப்புக்கு இரண்டு இழுப்பு. துப்பும்போது ரத்தம் கலந்து வந்தது. குழாயைத் திறந்துவிட்டாள், போய்விட்டது.

பக்கத்து மேசையில் பட்டன் வைக்கும் பெண் முன்பு காதோரம் வந்து ஊர்வம்பு முழுக்கப் பேசுவாள். சில மாதங்களாக ஸ்டூலை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டுவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்குகிறாள் போல என்று இவள் நினைத்தாள். அதற்காக வருத்தப்படவும் இல்லை.

விஷயத்தைப் போட்டு உடைத்தவள் நாத்தனார். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் வேலை, பேச்சும் அப்படியே. கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க வாயைத் திறந்தா நாலு வீடு தள்ளி இருக்கறவங்க ஜன்னலைச் சாத்துவாங்க."

"அப்படியா?"

"என்ன அப்படியா? நாத்தனார் இப்படிச் சொன்னா எந்த அண்ணி சும்மா இருப்பா? சண்டையாவது போடுங்க."

"ஒரு பல் ஆடுது," என்றாள்.

மறுநாளே நாத்தனார் லீவு போட்டு அழைத்துப்போனாள்.

பல் மருத்துவர் சின்னப் பெண். முனை மழுங்கிய மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார். "மூணு... அஞ்சு... ஆறு, ரத்தம்... ஏழு." பிறகு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்.

"மூணு வரைக்கும் பரவாயில்லைம்மா. அதுக்கு மேல போனா ஈறு பல்லை விட்டுப் பிரிஞ்சு பை மாதிரி ஆயிடுச்சுன்னு அர்த்தம். பல்லுல படியற அழுக்கு கல்லா இறுகி உள்ள இறங்கிடுது. அங்க இருக்கற கிருமியோட உடம்பு சண்டை போட்டுப் போட்டு, பல்லைத் தாங்கற எலும்பே கரையுது. இங்க பாருங்க, எவ்வளவு கீழ போயிடுச்சு."

"வலிக்கவே இல்லையே."

"பெரும்பாலும் வலிக்காது. அதான் இதுல இருக்கற வில்லங்கம்."

கரைந்த எலும்பு திரும்ப வளருமா என்று நாத்தனார் கேட்டாள். பெரும்பாலும் வளராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். ஈறு இவ்வளவு கெட்டிருப்பதால் ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடச் சொன்னார். பார்த்தார்கள், இருந்தது. நாத்தனார் பரிசோதனைக்கூட வாசலிலேயே அழுதுவிட்டாள்.

"அண்ணனும் இப்படித்தான் உடம்பைப் பார்க்காம..."

இவள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "பஸ் வருது," என்றாள்.

சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கி, அதைப் பார்த்த மருத்துவர் சரி என்ற பிறகு, ஒருநாள் வலப்பக்கம், ஒருநாள் இடப்பக்கம் என்று ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஊசி போட்டதும் உதடு யாருடையதோ ஆனது. வேரைச் சுரண்டும் சத்தம் மட்டும் தலைக்குள் கேட்டது. ஆடிய பல்லைக் காப்பாற்ற வழி இல்லை. பிடுங்கிக் காட்டினார்கள். வேரின் நுனிவரை கறுப்பாகக் கல் ஒட்டியிருந்தது.

"இது எத்தனை நாளா இருந்துச்சு?"

"வருஷக் கணக்கா இருக்கும்மா."

அப்படியானால் அவர் இருந்தபோதே தொடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் பதினோரு மாதத்தின் தலையில் போட முடியாது. அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

சாயங்காலம் ஊசியின் மரப்பு இறங்கியது. தாடை முழுக்கத் தெறித்தது. அடுப்படியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வலிக்குது," என்றாள்.

"அப்பாடா," என்றாள் நாத்தனார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மாத்திரையைத் தேடி ஓடினாள்.

பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டி பிரஷ் ஒன்று கொடுத்திருந்தார்கள். முதல் வாரம் நாத்தனார் போலீஸ்காரர் மாதிரி பக்கத்தில் நின்று காவல் காத்தாள். இரண்டாவது வாரம் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது பெரும்பாலும் மூன்று, சில இடங்களில் நான்கு, ஓரிடத்தில் மட்டும் ஐந்து. ரத்தம் அநேகமாக நின்றிருந்தது.

"முழுசா போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அடங்கியிருக்கு, அவ்வளவுதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரணும்."

"எதுவரைக்கும்?"

"பல் இருக்கற வரைக்கும்."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த தேதியை வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் பட்டன் வைக்கும் பெண் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மேலாளர் புதிதாகத் தலைக்குச் சாயம் பூசிய கதையை ஆரம்பித்தாள். இவள் தையலை நிறுத்தினாள்.

"வாய் நாறுதுன்னு நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "எப்படிக்கா சொல்றது? ஏற்கனவே இடிஞ்சுபோய் இருந்தீங்க."

"சொல்லியிருக்கணும்."

கோபம் வந்தது. எதிரில் இருப்பவளுக்கு இவ்வளவு கோபம் தகாது என்று தெரிந்தும் அடங்கவில்லை. அன்று மாலைவரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பேசினாள்.