துடுப்பு இருந்த மீன்

1

இந்தக் கதை எனக்குச் சலவைக் கடையில் கிடைத்தது. பக்கத்து இயந்திரத்தில் சேற்றுக் கால்சட்டையைச் சுழலவிட்டபடி வெண்டெல் ப்ரூயிட் சொன்னான். மீன் பிடிக்கிறவன் சொன்ன கதை. ஆகவே பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்துகொண்டு படிப்பது உங்கள் உடம்புக்கு நல்லது.

ஆற்றின் பெயரைக் கேட்காதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மழை விடாத பக்கம் ஓடுவது, போதும். இங்கே வீட்டுச் சண்டையைக்கூட வெளியே சொல்லிவிடுவார்கள், மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். தமிழில் எழுதுகிற தைரியத்தில்தான் இவ்வளவும் உளறுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "இலையுதிர் காலத்து மூடுபனியில், கோஹோ சால்மன்கள் வெள்ளியாய் மின்னியபடி கடலிலிருந்து தாய்வீடு திரும்பு—"

சீ. அந்த மீன்களே இதைப் படித்தால் கடலுக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது: வெண்டெல் அரிசோனாக்காரன், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆற்றைப் படத்தில் பார்த்து வளர்ந்தவன் போயும் போயும் ஹால்ஸ்ட்ரோம் வீட்டுப் பெண் கர்ஸ்டனைக் கட்டினான். மாமனார் ஆர்விட் மரலாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றங்கரையில் தோளோடு தோள் இடித்து நிற்கிற வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. அவருக்கு இடப்பக்கம் குடும்பத்து ஆள் நிற்பது வழக்கம். மகன் டெக்ஸஸ் போன பிறகு அது காலி. அங்கே நிற்க வெண்டெல் ஆசைப்பட்டான். கதை அவ்வளவுதான்.

[ஆர்விட் வாயில் "மாப்பிள்ளை" போடலாமா என்று ரொம்ப யோசித்தேன். அவர்கள் பேச்சில் அந்தச் சொல் கிடையாது. ஆனால் கண்ணில் இருந்த இளக்காரம் அச்சு அசல் நம்ம ஊர் மாமனாருடையது. போட்டுவிட்டேன்.]

3

கரையில் ஒரே ஒரு சட்டம். எவனாவது "மாட்டிக்கிச்சு" என்று கத்தினால் மற்ற எல்லோரும் தங்கூசியை, அதாவது தூண்டில் நூலைச் சுருட்டிக்கொண்டு அவனுக்கு வழிவிட வேண்டும்.

சீசன் தொடங்கிய அன்று ஆர்விட் கத்தினார். எல்லோரும் சுருட்டினார்கள். நம்ம ஆள், மீன் இருக்கிற இடம் தெரிந்துவிட்டதே என்று, அங்கேயே குறிபார்த்து வீசினான். இரண்டு தங்கூசியும் பின்னிக்கொண்டன. மீன் போயே போச்சு.

"மாப்பிள்ளை, அடுத்தவன் தட்டுல கறி வச்சா நீங்க கைய விடுவீங்களா?"

"இல்ல மாமா, அங்கதான் மீன் இருக்குன்னு..."

"இருந்துச்சு. நீங்க வர்ற வரைக்கும்."

வளைவுக்குப் பின்னால் தேங்கின தண்ணீரைக் காட்டினார். "அங்க போய் வீசிப் பழகுங்க. ஒரு கோஹோ பிடிச்சுட்டு வாங்க, எம் பக்கத்துல நிக்கலாம். போனை வண்டியிலயே வச்சிடுங்க. கண்ணு தண்ணியில இருக்கணும்."

[கோஹோவுக்குத் தேங்கின தண்ணீர்தான் பிடிக்கும். அது ஆர்விட்டுக்குத் தெரியாமலா? உள்ளுக்குள் பாசத்தோடுதான் அனுப்பினார் என்று ஒரு பத்தி எழுதினேன். பாகு மாதிரி ஒட்டியது. அடித்துவிட்டேன்.]

4

சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெண்டெலுக்கு மாட்டியது. "மாட்டிக்கிச்சு" என்று கத்தினான். மழைச் சத்தத்தில் அவன் காதுக்கே கேட்கவில்லை. மீன் உருண்டு புரண்டு, தண்ணீரில் கிடந்த மரக்கொம்பில் சிக்கப் பார்த்து, கடைசியில் முழங்கால் ஆழத்தில் அவன் பூட்ஸ் பக்கத்தில் வந்து ஓய்ந்தது. சந்தோஷத்தில் அழுதே விட்டானாம்.

அப்புறம் முதுகைப் பார்த்தான். வாலுக்கு முன்னால் இருக்கிற குட்டித் துடுப்பு முழுசாக இருந்தது.*

* பண்ணையில் பொரித்த குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பை வெட்டித்தான் ஆற்றில் விடுவார்கள். வெட்டுப்பட்ட மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு இருந்தால் ஆற்றிலேயே பிறந்தது. தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே கூடாது, விட்டுவிட வேண்டும். சட்டம்.

5

முடிவு அ: பையில் இடுக்கி இருக்கிறது. ஒரு நறுக்கு. துடுப்பு போனால் பண்ணை மீன், மாமனார் பக்கத்தில் இடம். நானாக இருந்தால் இதைத்தான் செய்திரு—

(என் மனைவி இதைப் படிக்கக்கூடும். நிறுத்திக்கொள்கிறேன்.)

முடிவு ஆ: விட்டுவிடுகிறான். அடுத்த வீச்சிலேயே துடுப்பு வெட்டின பெரிய மீன். நல்லவனுக்கு நல்லது நடந்ததாம். குழந்தைகள் மலருக்கு அனுப்பலாம்.

வெண்டெல் சொன்னது: இடுக்கியை எடுத்தான். தூண்டில் முள்ளை மட்டும் கழற்றினான். தண்ணீருக்குள்ளேயே வாலைப் பிடித்துக் கொஞ்சநேரம் நிறுத்தினான். மீன் உதறிக்கொண்டு போய்விட்டது.

6

"என்ன மாப்பிள்ளை, கைய வீசிக்கிட்டு வர்றீங்க?"

"ஒண்ணு பிடிச்சேன் மாமா. துடுப்பு இருந்துச்சு. விட்டுட்டேன்."

வரிசையே சிரித்தது. "நானும் போன வாரம் ஒரு திமிங்கலத்த இப்படித்தான் பாவம்னு விட்டேன்" என்றான் குழாய் ரிப்பேர்க்கார லோனி.

"எவ்வளவு பெருசு?" ஆர்விட் கேட்டார்.

வெண்டெல் கையை விரித்தான். அதிகமாகிவிட்டதோ என்று பயந்து கொஞ்சம் சுருக்கினான். அங்கேதான் கெட்டது காரியம். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"போட்டோ?"

"போன் வண்டியில இருக்கு. நீங்கதான் மாமா வைக்கச் சொன்னீங்க."

ஆர்விட் மட்டும் சிரிக்கவில்லை. தூண்டிலை வீசாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

7

முடிவா? அதற்குள் சலவை இயந்திரம் நின்றுவிட்டது. வெண்டெல் துணியை வாரிக்கொண்டு போய்விட்டான். ஆர்விட்டைக் கண்டு கேட்டேன். மழையைப் பற்றிப் பேசினார்.

இருந்த ஒரே சாட்சி ஆற்றோடு போய்விட்டது. துடுப்பை நறுக்கியிருந்தால் மீனும் கையுமாய் நின்றிருப்பான், எவனும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டான். யோக்கியமாய் நடந்ததற்கு அவனுக்குக் கிடைத்தது, உலகத்துப் புளுகன்கள் அத்தனை பேரும் சொல்கிற அதே கதை. நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். பொய் எழுதிப் பிழைக்கிறவன் சாட்சி எடுபடாது.

ஆகவே ஆர்விட் நீங்கள்தான். மழை காலருக்குள் இறங்குகிறது. லோனி இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. உங்கள் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. எதிரே அவன் வெறுங்கையோடு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சொல்லுங்க மாமா.