இருபத்திரண்டு வீட்டுக் கதவு

கொத்தனார் மேல்கீலின் கடைசித் திருகாணியைக் கழற்றியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நீல பெயிண்ட் அடித்த தகரக் கதவு. கீழ் மூலையில் ஒரு நசுங்கல். போட்டோ எடுக்கும்போதெல்லாம் அந்த மூலைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து அதை மறைத்தார்கள்.

"இருபத்தொண்ணு ஆச்சு. இன்னும் ஒண்ணுதான்," என்று போட்டோ டீச்சர் ஈரத்துணியால் கதவைத் துடைத்தாள். சாக்பீஸில் எழுதியிருந்த 21 அழிந்தது. "அஞ்சு மணிக்குள்ள அனுப்பியாகணும்ணே."

அவள் டீச்சர் அல்ல, டிரஸ்டின் களப்பணியாளர். எந்த வீட்டுக்குப் போனாலும் போனைத் தூக்கி "சிரிங்க" என்பதால் ஊர் வைத்த பெயர்.

டிரஸ்ட் இந்த ஊரில் இருபத்திரண்டு வீடுகளுக்குக் கழிப்பறை கட்டித் தருகிறது. குழி, சுவர், கூரை எல்லாம் கொத்தனார் முடித்து இரண்டு மாதம் ஆகிறது. கதவுகள் இரண்டாம் தவணையில் வர வேண்டியவை. ஆனால் வேலை முடிந்ததற்கான போட்டோ போனால்தான் இரண்டாம் தவணை. கதவில்லாத போட்டோக்களை 'முடியவில்லை' என்று எழுதி ஆபீஸ் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. மாதிரிக்கென்று வந்த ஒரே கதவை வீடு வீடாக மாட்டிப் படம் எடுத்துவிடலாம் என்றது டீச்சர். நேற்றிலிருந்து அதைச் சுமப்பது கொத்தனார்.

இருபத்தொன்றாம் வீடு தையல்காரருடையது, ரோட்டை ஒட்டியது. அவர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்.

"நான்கூட இந்த ஊர்ல இத்தனை வீட்டுக்குப் போனதில்ல கொத்தனாரே. உங்க கதவு ஊர்ல ஒரு வீடு விடலையே!"

"நீ சிரிக்கிறே. முதுகு என்னுது," என்று கொத்தனார் கதவைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

கடைசி வீடு அவருடைய அக்காவுடையது. சொந்த அக்கா வீட்டில் முதலில் மாட்டினால் பேச்சு வரும் என்று தள்ளி வைத்திருந்தார். அக்கா, மழைக்காலத்தில் விடியுமுன் ஓடைச்சரிவில் ஒதுங்கப் போய் வழுக்கி விழுந்தவள். இடுப்பெலும்பில் விரிசல். இப்போது கோலூன்றி வீட்டைச் சுற்றி நடப்பதோடு சரி. பத்து நாளாக நீர்க்கடுப்பும் காய்ச்சலும். தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் கிட்னிக்குப் போய்விடும் என்று நர்ஸம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

"தண்ணி குடிச்சியாக்கா?"

"குடிச்சா போறது யாரு, நீயா?"

"சேலையக் கட்டித் தொங்கவிடச் சொன்னேனே."

"தொங்கவிட்டேன். காத்து தூக்கித் தலையில போடுது. எதிர்ல சலூன். பெஞ்சு நிறைய ஆம்பளைங்க. காத்துகிட்ட கேட்டுகிட்டா உட்கார முடியும்?"

கொத்தனார் திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு கதவை நிலையில் பொருத்தினார். டீச்சர் 22 என்று எழுதினாள். வாளியை மூலைக்கு நகர்த்தினாள்.

"சிரிங்கம்மா."

"கதவை இங்கயே விட்டுட்டுப் போறதா இருந்தா சிரிக்கிறேன்."

டீச்சர் கொத்தனாரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"கடைசி வீடுதானே, இருக்கட்டும்மா. வியாழக்கிழமை லாரி வந்திடும். எல்லாருக்கும் மாட்டிடலாம்."

அக்கா பல் தெரியச் சிரித்தாள். படம் எடுத்து முடிந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். வெளியே வந்து சொம்பை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தாள். டீச்சர் ஈரத்துணியோடு கதவருகே போனபோது தடுத்தாள்.

"அழிக்காதே தாயி. அது என் நம்பர்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தையல்காரர் வீட்டு முன்னால் லாரி நின்றது. கொத்தனார் சட்டைப்பை கனக்கத் திருகாணிகளோடு காத்திருந்தார். லாரிக்காரர் பின்பலகையைத் திறந்து இரண்டு இரும்புக் குழாய்களை இறக்கினார். பிறகு சாக்கு சுற்றிய ஒரு பெரிய பலகையை.

"கதவெல்லாம் எங்கப்பா?"

"கதவா? எனக்கு இதைத்தான் ஏத்தினாங்க."

சாக்கைப் பிரித்தார்கள். 'வீடுதோறும் கழிப்பறை கண்ட முன்மாதிரிக் கிராமம்' என்றது பலகை. கீழே டிரஸ்டின் பெயர்.

டீச்சர் ஆபீசுக்குப் போன் போட்டாள். எதிர்முனைக் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"என்னம்மா விளையாடுறியா? இருபத்திரண்டு போட்டோவும் என் டேபிள்ல இருக்கு. எல்லாத்துலயும் கதவு இருக்கு. ஊர்க்காரங்களே பங்கு போட்டு மாட்டிட்டாங்கன்னு பாராட்டி மேல எழுதிட்டேன். உங்க கதவெல்லாம் வேற ஊருக்குப் போயாச்சு. நாலு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. பலகைய நட்டு, பக்கத்துல ஒரு வீட்டைக் காட்டிடு."

"உண்மையச் சொல்லிடும்மா," என்றார் கொத்தனார்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "என்னண்ணே சொல்றது? எல்லாப் போட்டோவும் பொய்னா? என்னை அனுப்பிடுவாங்க. அதோட நிக்குமா? அடுத்த மாசம் குடிதண்ணிக் குழாய் வரணும். பொய் சொன்ன ஊருன்னு அதையும் நிறுத்திடுவாங்க."

கொத்தனார் தன் கையைப் பார்த்தார். கதவைச் சுமந்ததில் உள்ளங்கையில் இன்னும் நீலம் ஒட்டியிருந்தது.

"சரிங்க சார்," என்றாள் டீச்சர் போனில்.

அவள் திரும்புமுன் தையல்காரர் முந்திக்கொண்டார். "எனக்குக் கதவு வேணாம்யா. அக்கா வீட்டுலயே இருக்கட்டும். வர்றவங்கள அங்க கூட்டிட்டுப் போங்க."

"அந்தச் சந்துல கார் நுழையாது. வெயில்ல இறங்கி நடக்க மாட்டாங்க," என்றாள் டீச்சர்.

"அப்ப பலகைய அங்க கொண்டுபோய் நடுங்க!"

லாரிக்காரர் கையெழுத்துக்குத் தாளை நீட்டிக்கொண்டு நின்றார்.

ரோட்டோரம், இருபத்தொன்றாம் வீட்டு முன்னால் குழி தோண்டிப் பலகையை நட்டு முடித்தபோது மணி இரண்டரை. கொத்தனார் திருப்புளியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தார். வழியெல்லாம் கழிப்பறை வாசல்களில் சாக்கும் பழைய சேலையும் காற்றில் எழும்பி விழுந்தன. அக்கா வீட்டுக் கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரு?"

"நான்தான்க்கா."

"லாரிச் சத்தம் கேட்டுதே. வந்திடுச்சா?"

"வந்திடுச்சு."

"அப்பாடா. மேலத்தெரு மருமக பாவம், நெறமாசம். அவளுக்கு முதல்ல மாட்டிக் குடுடா." உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம். "இரு, வர்றேன். இடுப்பு எழுந்திருக்க விடமாட்டேங்குது."

"மெதுவா வாக்கா."

அவர் திருப்புளியின் முனையை மேல்கீலில் வைத்தார். எடுத்துவிட்டார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிரே சலூன் பெஞ்சிலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

சந்துமுனையிலிருந்து டீச்சர் வேகமாக வந்தாள். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். அவர் அசையவில்லை. அவள் பையிலிருந்து ஈரத்துணியை எடுத்துக் கதவை நெருங்கி, 22-ஐத் துடைக்க ஆரம்பித்தாள்.

தகரம் லேசாக அதிர்ந்தது.

"யாருடா அது?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

டீச்சர் சாக்பீஸை எடுத்து 21 என்று எழுதினாள்.