ஓரகத்தி வீட்டு ஜெபம்

மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? கொழுந்தன் பெயிண்ட் கடை வைத்தான், ஒரு கடையை இரண்டாக்கினான், இப்போது மாடியும் பால்கனியுமாக வீட்டையும் கட்டிவிட்டான். அவன் பெண்டாட்டி, இவளுடைய ஓரகத்தி, சாவிக்கொத்தோடு நடக்கிறாள். மூத்தவளுக்கோ ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டுத் தோள்வலி வந்ததுதான் மிச்சம். மழை பெய்தால் வாடகை வீட்டில் வாளியைத் தேடி ஓட வேண்டும்.

ஆனால் அவளிடமும் ஒன்று இருந்தது. ஜெபம். அவள் வாயைத் திறந்தால் கல்லும் கரையும் என்று சபையே சொல்லும். போதகரின் மனைவிகூடத் தன் மகனுக்குப் பரீட்சை என்றால் இவளுக்குத்தான் போன் போடுவாள். "வீடு அவளுக்கு, ஜெபம் எனக்கு" என்று மூத்தவள் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். இளையவளால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பதில் உள்ளூர ஒரு குளிர்ச்சி.

புது வீட்டு ஜெபத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கியது. போதகர் வேதம் வாசித்து முடித்தார். "ஒவ்வொரு ரூமா போய் ஜெபிப்போம். மூத்த மருமக ஜெபிக்கட்டுமே" என்றார்.

"அவளை விட்டா வேற யாரு?" என்று மாமியார் பெருமையடித்துக்கொண்டாள். தப்பிக்க வழியில்லை.

கூடத்தில் ஆரம்பித்தாள். "அன்பின் பரலோகப் பிதாவே, இந்த இல்லத்திற்காக உமக்கு ஸ்தோத்திரம்..." கண்ணை மூடியாயிற்று, பாதத்தை எப்படி மூடுவது? தரை வழுவழுவென்று காலடியில் வழுக்கியது. இந்த டைல்ஸ் என்ன விலை இருக்கும்? வாய் பாட்டுக்குக் கிருபையும் ஆசீர்வாதமுமாகக் கொட்டியது. கூட்டம் ஆமென் என்றது.

சமையலறையில் நிலைமை இன்னும் மோசம். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "இந்த அடுப்புக்காக ஸ்தோத்திரம், இந்த அலமாரிகளுக்காக ஸ்தோத்திரம், இந்த ரெண்டு கதவு பிரிட்ஜுக்காக ஸ்தோத்திரம்..." ஆமென் சொன்ன கையோடு கணவன் அவள் காதைக் கடித்தான்.

"ஏன்டி, ஆண்டவருக்கே சாமான் கணக்கு ஒப்பிக்கிறியா?"

"நீங்க சும்மா வாங்க" என்று பல்லைக் கடித்தாள்.

படுக்கையறையில், கேளுங்கள் இந்தக் கூத்தை, ஜெபத்தின் நடுவிலேயே மெத்தையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டாள். "இந்தக் குடும்பத்தை இன்னும் உயர்த்தும்" என்று வாய் கேட்டது. இன்னும் எவ்வளவு உயரணுமாம், இது போதாதா என்று நெஞ்சு கத்தியது. அப்படியும் எல்லோரும் உருகினார்கள். சித்தி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிச்சம் பிள்ளைகள் அறைதான். உள்ளே நுழையும்போது இளையவள் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, இந்த ரூம்ல எனக்காக ஜெபிங்கக்கா. வீட்டு வேலை தொடங்கினதுலேருந்து எனக்கு ஜெபமே வரல. முழங்கால் போட்டா எந்தக் கதவு, எந்தக் கலருன்னுதான் மனசு ஓடுது. ஆண்டவர் எங்கயோ போயிட்ட மாதிரி இருக்கு. உங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா."

பொறாமையா! என் மேலேயா! மூத்தவளுக்கு முதலில் சந்தோஷம்தான் பொங்கியது. எத்தனை வருஷமாக ஏங்கிய வார்த்தை! "அதெல்லாம் ஒரு வரம்டி" என்று சொல்லித் தலையைத் தடவி அனுப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் இளையவள் பிடித்த கையை விடவில்லை. இவள் நிஜமாகவே ஆண்டவரைத் தேடுகிறாள். நான் தேடவே இல்லையே, காணோம் என்றுகூடத் தெரியாமல் அறை அறையாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தேனே. உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அப்புறம் இவளுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கத் தனக்கென்று என்ன இருக்கிறது? சொல்லாவிட்டாலோ, இந்தப் பெண் ஒரு பொய்யைப் பார்த்து ஏங்கிக்கொண்டே கிடப்பாள்.

"ஜெபிப்போமா?" என்றார் போதகர். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே..." என்று இழுத்தாள். மாமியார் கனைத்தாள்.

"ஆண்டவரே, எனக்கு இவ வீடு வேணும்."

கொழுந்தன் கண்ணைத் திறந்துவிட்டான்.

"உம்மைவிட அதிகமா வேணும். இவ்வளவு நேரம் நான் உம்மகிட்ட பேசல. விலை பாத்துட்டு இருந்தேன். எல்லாரையும் ஏமாத்திட்டேன். இப்பவும் எனக்கு வயிறு எரியுது, பொய் சொல்ல மாட்டேன். உம்மேல எனக்கு ஆசை இல்ல, ஆண்டவரே. அந்த ஆசையைத் தாரும்."

அவ்வளவுதான். ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. மாமியார் மூக்கின்மேல் விரலை வைத்தாள். போதகர் வேதத்தை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் நின்றார். மூத்தவளுக்குக் காதெல்லாம் சுட்டது, எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. இளையவள் கையை விட்டால்தானே?

"எனக்கும், ஆண்டவரே" என்று அவள் தேம்பினாள்.