சிவப்புப் பூட்டு

இறைச்சிக் கம்பெனியில் எட்டு மணி நேரம் கோழி வெட்டிவிட்டு வந்த ரோண்டாவுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. வீட்டில் மகள் டெசா கம்ப்யூட்டர் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். நூலகத்தில் எடுத்த துப்பறியும் விளையாட்டை ஐந்து மணிக்குள் திருப்பித் தரவேண்டும். முடிவைப் பார்க்காமல் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"திருடுபோன நெக்லஸ் இந்த மெஷினுக்குள்ளதான் இருக்கும்மா. கைய விட்டா மெஷின் ஓடி, ஆட்டம் போயிடுது."

திரையில் ஒரு மர அறுவை மில். சுவிட்சுக்குப் பக்கத்தில் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது.

"இத என்னடி பண்ணின?"

"எல்லாக் கதவுலயும் போட்டுப் பார்த்துட்டேன்."

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கதவுக்கா? மெஷின்ல கை வைக்கிறவ முதல்ல மெயின் சுவிட்ச அணைச்சு, அதுல தன் பூட்டப் போடணும். இல்லேன்னா எவனாவது தெரியாம ஆன் பண்ணிடுவான். எங்க கம்பெனில பூட்டாம மெஷினக் கழுவவே விடமாட்டாங்க."

ரோண்டா திரையில் சுவிட்சை அணைத்துப் பூட்டினாள். மெஷின் அடங்கியது.

"சாவிய எடுத்துக்கோம்மா! இந்த மில் மேனேஜர்தான் திருடன், வந்து திறந்துடுவான். மில் பக்கமே வரலன்னு சொன்னான், பூட்ஸ் பூரா மரத்தூள்!"

ரோண்டா அந்த பூட்ஸைக் கவனிக்கவே இல்லை. சாவியை எடுத்தாள். நெக்லஸ் கிடைத்தது. மணி நாலே முக்கால். இருவரும் சிரித்துக்கொண்டே காருக்கு ஓடினார்கள்.

விளையாட்டில் சுலபமான நிலையைத் தேர்ந்தெடுத்ததற்காக நேற்று மகளை மக்கு என்று திட்டியிருந்தாள் ரோண்டா. அதற்கு டெசாவிடம் அவள் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.