தனியாள் என்று எழுதிக் கொடுத்தவன்

மூன்று மணிக்கு மத்தியானக் கூட்டம் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு பாரிசில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலுள்ள அந்தச் சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசை பிலிப் ஐயாவுடையது. புதுச்சேரிக்காரர். முப்பத்தொரு வருடம் நகராட்சியில் பிறப்பு, இறப்பு பதிந்து ஓய்வு பெற்றவர். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தை வாசிப்பதில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு, லோர்னா என்ற அமெரிக்கக்காரி இரண்டு மாதமாக அவரிடம் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய வம்சத்தில் முதன்முதலாகக் கப்பலேறி, 1687இல் கரோலினாவில் குடியேறியவன் யார், எவர் என்று தேடுகிறாள்.

சிவமணி அந்தக் கடையில் சட்டி கழுவுகிறவன். காலையில் கையெழுத்து வைத்து வாங்கிய கடிதம் அவன் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. மூன்று தாள். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு வெங்காயத்துக்கும் வாளிக்கும் போதும். அந்தக் கடிதத்துக்குப் போதாது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் மனைவி துஷாந்தியையும் எட்டு வயது மகள் ஹரிப்பிரியாவையும் கூப்பிட அவன் கொடுத்த மனுவுக்கு அதுதான் பதில். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து இறுக்கமாகி ஆறு மாதம். "பாரிசிலை வாங்குவம்" என்று துஷாந்தி புதிது வாங்காமல் வைத்திருக்கிறாள்.

அமெரிக்கக்காரி போகட்டும், பிறகு ஐயாவிடம் காட்டலாம் என்று காத்திருந்தான். அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது ஐயாவே அவனைப் பிடித்து நிறுத்தினார்.

"வா சிவமணி, இந்தக் கூத்தப் பாரு. இந்தம்மாவோட பாட்டன், பூட்டன், அவனுக்கும் மேல ஒருத்தன். இசாக்குன்னு பேரு. தோல் பதம் போடுறவன். அமெரிக்காவுல நிலம் கேட்டு எழுதிக் குடுத்த தாள்ல, 'கல்யாணம் ஆகாதவன், உறவு யாருமில்ல'ன்னு சொல்லியிருக்கான். அங்கயே ஒருத்தியக் கட்டி ஏழு புள்ள. அந்த வழியில வந்தவதான் இவ."

"ஓம்."

"இப்ப இதப் பாரு." பூதக்கண்ணாடியை ஒரு நகலின் மேல் வைத்தார். "பிரான்சுல அவன் ஊர்ப் பதிவேடு. 1681. இசாக்குக்கும் மதெலேனுக்கும் பொறந்த சூசனுக்கு ஞானஸ்நானம். பொண்டாட்டி புள்ளய இங்க விட்டுட்டு அங்க போய் தனியாளாம்! திருட்டுப் பய!"

லோர்னாவுக்கு ஒரே சந்தோஷம். தெரியாமல் கிடந்த ஒரு குடும்பமே கிடைத்துவிட்டது என்று கையைத் தட்டினாள்.

சிவமணி அந்த நகலைப் பார்த்தபடி நின்றான். "ஆரோ சொல்லிக் குடுத்திருப்பினம், ஐயா."

"என்னது?"

"அப்பிடிச் சொல்லெண்டு. சும்மா ஆர் சொல்லுவினம்?"

ஐயா அதை ஆங்கிலத்தில் சொன்னார். லோர்னா சிரித்தாள், பிறகு தன் கொப்பியில் அதையும் குறித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று சிவமணி கேட்டான்.

"ஒண்ணும் கிடைக்கல. கல்யாணமும் இல்ல, சாவும் இல்ல. அந்த ஒரு வரியோட சரி."

குசினியிலிருந்து சமையற்காரர் கரிகாலன் கத்தினார். "டேய் சிவமணி! தோசைக்கல்லு கழுவவும் அமெரிக்காவிலையிருந்தே ஆள் வரவேணும்?"

தோசைக்கல்லைத் தேய்க்கத் தேய்க்க, ஏழு வருடத்துக்கு முந்திய நாள் நினைவில் வந்து நின்றது. ரூ பஜோலில் ஒரு மாடி அறை. அகதி வழக்குக்குக் கதை எழுதிக் கொடுக்கும் அண்ணை பேனையை உருட்டியபடி சொன்னார்: "கலியாணம் எண்டு சொன்னியோ, மனிசியின்ரை ஊர், மாமன், மச்சான் எல்லாத்தையும் கிண்டுவினம். கதை குழம்பும். தனியாள் எண்டு போடு. விசாக் காட் கிடைச்ச பிறகு கூப்பிடலாம்." அந்த அறையில் அப்போது பன்னிரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவனும் ஆட்டினான். விசாரணையில் மனைவி, பிள்ளை உண்டா என்று அதிகாரி இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் இல்லை என்றான். அப்போது ஹரிப்பிரியாவுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

லோர்னா போனதும் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை நீட்டினான். ஐயா முதல் தாளை வாசித்தார். இரண்டாவதை வாசிக்கும்போது அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"மறுத்துட்டாங்க. நீ வந்தப்போ செலிபத்தேர்னு சொல்லியிருக்க. கல்யாணமாகாதவன், புள்ள இல்லன்னு. இப்ப குடுத்த கல்யாணப் பத்திரம், புள்ளையோட பிறப்புப் பத்திரம் எல்லாம் சந்தேகமாம். உறவு நிரூபணம் ஆகலையாம்."

"அது என்ரை பிள்ளை, ஐயா."

"தெரியும்பா."

"ரெகூர் போடேலாதோ?"

"மேல்முறையீடு போடலாம். ரெண்டு மாசம் டைம் இருக்கு. நான் எழுதித் தரேன். ஆனா அவங்க திரும்ப எடுத்து வைக்கப்போறது நீ கையெழுத்துப் போட்ட அதே தாளத்தான்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானே முப்பது வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தேன். மொதல்ல எழுதினதுதான் நிக்கும்."

சிவமணி மேசையில் கிடந்த நகலைக் காட்டினான். "அந்த ஆளும் பொய்தானே சொன்னவர்? அந்தப் பொம்பிளைப்பிள்ளையை இப்ப எல்லாரும் நம்பீனம்தானே?"

"அவ செத்து முன்னூறு வருஷமாச்சு சிவமணி. செத்தவளுக்கு விசா வேணாமே."

கைபேசி அதிர்ந்தது. ஊரில் இரவு எட்டரை. கடிதம் வந்ததோ என்று கேட்கத்தான் துஷாந்தி இந்த நேரத்தில் எடுப்பாள். ஐயா எழுந்து கண்ணாடிக் கதவருகே போய், தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ, தபால் வந்ததோ?" பின்னால் பிள்ளையின் குரல்: "அம்மா, நான் கதைக்கிறன், தாங்கோ."

இல்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லத்தான் அவன் வாய் எடுத்தான். அந்த 'இல்லை'யை முன்பே இரண்டு தரம் சொன்னவன் அவன். இப்போது அது வரவில்லை.

"துஷாந்தி, பிள்ளைக்குச் சப்பாத்தை அங்கையே வாங்கும்."

மேசையில் கிடந்த கடிதத்தை ஒரு கையால் மடித்தான்.

"ஒரு அளவு பெரிசா வாங்கும்" என்றான்.