தங்கையின் தலைமுடி

ஸ்டுடியோவில் அவனுக்கு முடிக்காரன் என்றே பெயர். கம்ப்யூட்டரில் செய்த மனிதர்களுக்குத் தலைமுடி வைத்து, அதில் வெளிச்சம் விழவைப்பது அவன் வேலை. முடி கருப்புதானே என்று சொல்லிவிட முடியாது. வெளிச்சத்தில் பாதி மேலே பட்டுத் திரும்பும். மீதி உள்ளே புகுந்து செம்பட்டையாக வெளியே வரும். அந்த இரண்டாவது மினுக்கு தப்பினால் பொம்மைக்கு ஒட்டுமுடி வைத்த கதைதான்.

ஒருநாள் அம்மா கேட்டாள். "உலகத்துல இல்லாத ஆளையெல்லாம் செய்யறியே, உன் தங்கச்சிய இப்ப இருக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்."

ஒன்பது வயதில், பள்ளிவிட்டுக் கிளம்பிய தங்கை வீடு வந்து சேரவில்லை. பதினாலு வருஷம் ஆகிவிட்டது.

பழைய போட்டோவையும் அம்மாவின் சாயலையும் வைத்து முகத்தை ஒப்பேற்றினான். முடிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தினமும் பின்னிவிட்டவன் அவன்தான். நெற்றியோரம் அடங்காத பூனைமுடி. வெயிலில் நின்றால் காதுக்குப் பின்னால் தேன் நிறம். ஒரு மாதத்தில் முடித்தான்.

"வந்துட்டாடா," என்றாள் அம்மா.

காணவில்லை போஸ்டருக்கென்று அவன் கொண்டுபோன படத்தை, வழக்கைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா போஸ்டருக்கு உதவாது. நாங்க மீட்டுட்டு வர்ற பொண்ணுங்க யாருக்கும் தலை இப்படி இருக்காது."

"எப்படி சார் இருக்கும்?"

அவர் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார்.

அவன் மினுக்கை இறக்கினான். தேன் நிறத்தை எடுத்தான். சீப்பு காணாத சிக்கு, வறட்சி, உச்சியில் முடி கொட்டித் தெரிந்த மண்டை. தன் கையாலேயே அவளைப் பிடித்து அலைக்கழிப்பது போலிருந்தது. வேலை என்னவோ அச்சு அசலாக வந்தது. ஸ்டுடியோவில் கூட இருந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். படத்தில் இருப்பது யார் என்று அவன் சொல்லவில்லை. மாற்றியதை அம்மாவிடமும் சொல்லவில்லை.

போஸ்டர் ஒட்டிய வாரம் அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான். பஸ் நிறுத்தச் சுவரில் அது இருந்தது. கண்ணாடி இல்லாததால் எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. கிட்டப் போய் முகத்தைப் பார்த்தாள்.

"யார் பெத்த பொண்ணோ, பாவம். எப்படிச் சீரழிஞ்சிருக்கு பாரு."

பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்தான்.

"இவ்வளவுக்கு அப்புறமும் வீட்டுல தேடறாங்க போலிருக்குடா," என்றாள் அம்மா.

அவன் டிக்கெட் எடுக்கத் திரும்பிக்கொண்டான்.