பென்சில் அழிந்த படங்கள்

பிரகாசம் முப்பது வருடம் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தவர். கல்யாணமான புதிதில் அவர் மனைவி டோரதி, ஒரு படத்துக்குப் பென்சில் கோட்டின் மேல் நானும் மை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நண்பர்கள் முன்னால் அவர் சிரித்தார். "உன் கையெழுத்தே கோழி கிளறுன மாதிரி கீது. நீ மை போடப் போறியா?" சாந்தோம் வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

போன ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மற்றபடி எல்லாம் புரியும் என்றார் டாக்டர்.

செப்டம்பரில் டோரதி தி.நகருக்குப் போய் நிப்பு, பேனாக்கட்டை, கறுப்பு மை வாங்கி வந்தாள். செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். பழகுவதற்கு வெள்ளைத்தாள் வாங்கவில்லை. கண்காட்சிக்கென்று யாரையும் தொடவிடாமல் அவர் வைத்திருந்த பென்சில் படங்களை பீரோவிலிருந்து எடுத்தாள். சக்கர நாற்காலியை மேஜையருகே தள்ளிக்கொண்டாள்.

முதல் படம் பட்டினப்பாக்கத்து மீன்காரி. நிப்பை அழுத்தியதில் மூக்கின் மேல் மை கொட்டியது. காய்வதற்குள் ரப்பர் வைத்துத் தேய்த்தாள். முகமே கரியாயிற்று. பிரகாசத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இன்னா, நல்லால்லையா? இப்பத்தான கத்துக்கறேன். நீ பாரு."

அவரை 'நீ' என்று அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

தினமும் ஒரு படம். தாளைத் திருப்பி, கோட்டைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும் என்பது மெல்லக் கைக்குப் பிடிபட்டது. முப்பதாவது படத்தில் நன்றாகவே வந்தது. அவருக்கு அதுதான் தாங்கவில்லை. அழுக்காக்கிய படங்களிலாவது அவருடைய கோடு மங்கலாகத் தெரிந்தது. நன்றாக வந்தவற்றில் மை காய்ந்ததும் பென்சிலை அழித்துவிட்டாள்; இவை முழுக்க அவளுடையவை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பங்குக் கோயில் இளைஞர் குழுவிலிருந்து ஷெல்டன் வந்தான். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். "அங்கிள் விட்ட வேலைய நீங்க முடிச்சுக் குடுக்கறீங்களா ஆன்ட்டி? திருவிழாவுல வைக்கலாம்."

பிரகாசம் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்தார். தலையை ஆட்டினார். கண்ணீர் வழிந்தது.

"சந்தோஷம் தாங்கல அவருக்கு," என்றாள் டோரதி. விரல் விரலாகப் பிரித்துச் சட்டையை விடுவித்தாள். ஷெல்டனும் கண் கலங்கிக் கிளம்பினான்.

அடுத்த படம் அவருடைய அம்மா. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். டோரதி பேனாவை மையில் தோய்த்துக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். அதன் பிறகுதான் முதல் கோட்டை இழுத்தாள்.